புதுப்பிப்பு: தோட்டம் அமைக்கும் நிறுவனக் கணக்கும் 26ஏஎஸ்-ம் ஒத்துப்போகாத சிக்கல், தீர்ந்தது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. 2024-25 கணக்கில் காட்டிய வருமானத்தைவிட 26ஏஎஸ்-இல் (நம் பேரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரித்துறை அறிக்கை) தொகை கூடுதலாக வந்தது ஏன் என்பதே கேள்வி. "பில் வாரியாக, ஜிஎஸ்டி இல்லாத தொகையோடு ஒப்பிடுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது.

காரணம் இது. புல்தரை வேலைக்கு 2,00,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி 36,000. பில்லில் ஜிஎஸ்டி தனியாக இருந்தும், வாடிக்கையாளர் 2,36,000-க்கு 194சி-யில் (ஒப்பந்த வேலைக்கான வருமான வரிப் பிரிவு) 2% டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வரி, பிடித்திருக்கிறார். 4,000 பிடிக்க வேண்டிய இடத்தில் 4,720. வருமானமாக 2,00,000 மட்டும் காட்டி, 4,720-ஐ முழுதாகக் கட்டிய வரியாகக் கோரலாம். வித்தியாசத்துக்கு ஒரு ஒப்பீட்டுத் தாள் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராதது மார்ச் பில். வாடிக்கையாளர் அதை ஏப்ரலில் பதிந்ததால் டிடிஎஸ் அடுத்த ஆண்டில் விழுந்தது. வருமானத்தை முந்தைய ஆண்டிலேயே காட்டியிருந்தால் அந்த டிடிஎஸ்-ஐ வருமான வரித்துறையின் படிவம் 71 வழியாகக் கோர வேண்டும். டிடிஎஸ் பிடித்த நிதியாண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொன்று: செடியைத் தனியே விற்றால் ஜிஎஸ்டி இல்லை. நட்டுத் தரும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்தால் அதற்கும் 18% வந்துவிடும். விலைப்புள்ளி கொடுக்கும்போதே இதைப் பாருங்கள்.