அவர் சிரிச்சப்போ எனக்கு வயிறு எரியலை

மண்டபத்திலிருந்து எழுதுறேன். எங்க வீட்டுக்காரருக்கு மதுரையில ஒரு காதலி இருக்கா. என்னைக் கேட்டுத்தான் தொடங்கினார். எனக்கும் அதே சுதந்திரம் உண்டு, இப்போதைக்கு யாரும் இல்லை, அவ்வளவுதான்.

போன மீன்பிடித் தடைக்காலத்துல நடந்தது. ஏப்ரல் 15ல விசைப்படகைக் கட்டிட்டா ஜூன் 14 வரைக்கும் நாட்டுப்படகு மீன்தான். நண்டு வாங்கி வந்து ரெண்டு பேரும் கொல்லையில ஓடு கழட்டிக்கிட்டிருந்தோம். அவ போன் பண்ணினா. கையெல்லாம் நண்டுத் தண்ணி. தோளுக்கும் காதுக்கும் நடுவுல போனை இடுக்கிக்கிட்டுப் பேசினவர், திடீர்னு கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சார். கல்யாணமான புதுசுல எங்கிட்டச் சிரிச்ச அதே சிரிப்பு. வயிறு எரியும்னுதான் எதிர்பார்த்தேன். ஆனா மனசு குளுந்து போச்சு. கையில இருந்த நண்டைக் கீழே வச்சிட்டு அவரையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

நம்ம துணை இன்னொருத்தரால சந்தோஷப்படுறதைப் பார்த்து நமக்கு வர்ற இந்தச் சந்தோஷத்துக்குக் காம்பெர்ஷன்னு பேரு. சான் பிரான்சிஸ்கோவில 1971லிருந்து 1991 வரைக்கும் கூடி வாழ்ந்த கெரிஸ்டா குழுக்காரங்க வச்சது.

ஊர்ல இதைச் 'சின்ன வீடு'ன்னு முடிச்சிடுவாங்க. எனக்குக் கோபம் வரும். சின்ன வீட்டு விஷயம் பொண்டாட்டி காதுக்குத்தான் கடைசியா வரும். அவ வேண்டாம்னு சொன்னா கேட்க ஆள் இருக்காது. நான் சொன்னா இங்கே ரெண்டு பேரும் கேட்கிறாங்க.

எரிஞ்ச நாளும் உண்டு. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னவர், அன்னைக்கே மதுரைக்குக் கிளம்பிட்டார். எனக்குன்னு சொன்ன ராத்திரி அது. அவளே போன் பண்ணி, "அக்கா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வரச் சொல்லியிருக்க மாட்டேன்"னா. இப்போ காலண்டர்ல எழுதி வைக்கிறோம்.

தொண்டியிலிருந்து ஒருத்தர்:

அக்கா, எங்க வீட்டுல மனைவிக்குத்தான் இன்னொருத்தர். 2018 செப்டம்பர் 27ல உச்ச நீதிமன்றம், அடுத்தவர் மனைவியோட உறவு வச்சா குற்றம்னு சொன்ன 497ஆம் சட்டப் பிரிவை ரத்து பண்ணினப்போதான் நாங்க இதைப் பத்தி வாய் திறந்து பேசினோம். அந்தப் பிரிவுல புருஷன் சம்மதிச்சிருந்தா குற்றமே இல்லை, பொண்டாட்டியோட சம்மதத்துக்கு மதிப்பே கிடையாது. அதைப் படிச்சிட்டு அவ ரொம்ப நேரம் பேசலை.

உங்களுக்கு வந்த சந்தோஷம் எனக்கு வரலைக்கா. அவ சந்தோஷமா திரும்பி வந்தா எனக்கு நிம்மதியா இருக்கு. அவ அங்கே இருக்கிற ராத்திரிதான் தூக்கம் வரமாட்டேங்குது. அந்த மனுஷனை நான் பார்த்ததில்லை.

மண்டபம்:

தம்பி, வரலைன்னா வரலை, அதுல ஒரு குறையும் இல்லை. எனக்கும் எல்லா நாளும் வராது. ஆனா அவரை ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிடலாமான்னு உங்க மனைவிகிட்ட கேளுங்க. முகம் தெரியாதவரைக்கும் நானும் அவளை என்னென்னமோ நினைச்சுப் பயந்தேன். நேர்ல வந்து, கையில மல்லிகைப் பூவோட, உட்காரலாமான்னு கேட்டுட்டு நின்னா. அன்னைக்குத்தான் பயம் விட்டுச்சு.