டிஸ்கஸ் வந்தால் அபௌட்டை வெட்டுகிறார்கள், கம்ப்ளெய்ன் வந்தால் ஆஃப் (of) எங்கே என்கிறார்கள். ஓஇடி எழுதியவர்கள் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் நர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இங்கிலாந்து போவதற்கு ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் பரீட்சை) படிக்கிறேன். லிஸனிங், ரீடிங் எப்படியும் சமாளித்துவிடலாம். ரைட்டிங்தான் வெப்ராளம். நோயாளி பற்றிய குறிப்பு, அதாவது கேஸ் நோட்ஸ் வாசிக்க 5 நிமிடம், கடிதம் எழுத 40 நிமிடம், 180 முதல் 200 வார்த்தைக்குள் முடிக்க வேண்டும்.

கோச்சிங் சென்டரில் எங்கள் பேட்ச் மொத்தத்துக்கும் ஒரே வகை சிவப்பு வட்டம்தான். ‘டிஸ்கஸ்ட் அபௌட் த டயட்’ என்றால் அபௌட் கூடாது. ‘ரெக்வஸ்டட் ஃபார் எ ஸ்கேன்’ என்றால் ஃபார் கூடாது. சரி, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றால், ‘கம்ப்ளெய்ன்ட் செஸ்ட் பெயின்’ என்பதில் ஆஃப் எங்கே என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்று அகர வரிசையில் ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். பி வரிசை வரும்போது புட் ஆஃப், புட் அவுட், புட் அப் எல்லாம் தலைக்குள் கலங்கிவிடுகிறது. மனப்பாடத்தைத் தவிர வேறு வழி கிடையாதா?

கொளச்சல்காரன்:

அக்கா, இங்கிலீஷ் படம் சப்டைட்டிலோட பாருங்க. தானா வரும்.

தக்கலை வாத்தியார் (ஓய்வு):

படத்தில் செஸ்ட் பெயினுக்கு ரெஃபரல் லெட்டர் எழுதுகிற காட்சி எத்தனை வருமடே? அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது.

மக்களே, அந்தப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வை. விடாமல் மழை, இன்றைக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலில் இரண்டு வேறு சரக்கைக் கலந்து வைத்திருப்பார்கள். முதல் சரக்கு, ஒரு வினை தன் பின்னால் எந்த ப்ரெபொசிஷனைக் கேட்கும் என்பது. இது நமக்குப் புதிதே அல்ல. ‘பாம்புக்குப் பயந்தான்’ என்போம். ‘பாம்பைப் பயந்தான்’ என்று நம் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லாது. பயம் ‘கு’ உருபைக் கேட்கிறது, அவ்வளவுதான். இங்கிலீஷ் வினையும் இப்படி ஆளுக்கொன்று கேட்கும்: லிஸன் டு, வெயிட் ஃபார், டிபெண்ட் ஆன்.

நம் கை எங்கே வழுக்குகிறது என்றால், தமிழ் வாக்கியத்தில் உள்ள உருபையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்போதுதான். ‘உணவு பற்றிப் பேசினோம்’ என்று மனசுக்குள் ஓடும். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ இருக்கிறது, மேலே ஒரு அபௌட் எதற்கு? டாக் என்ற சொல்லுக்குள் அது இல்லை, அதனால் டாக் அபௌட். அறைக்குள் நுழைவதும் அப்படித்தான். என்டருக்குள் ‘உள்’ இருக்கிறது: ‘என்டர்ட் த ரூம்’. கோவுக்குள் இல்லை: ‘வென்ட் இன்டு த ரூம்’. ‘ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்’ என்று நினைப்பதால்தான் ‘ரீச்ட் டு த ஹாஸ்பிடல்’ என்று டு ஒட்டிக்கொள்கிறது. ‘ஆஸ்பத்திரியை அடைந்தார்’ என்று நினைத்துப் பார், தொல்லை விட்டது.

இன்னொரு குழியும் உண்டு. டிஸ்கஸ், ரெக்வஸ்ட், ஆர்டர் எல்லாம் வினையாக இருக்கும்போது ஒன்றும் வேண்டாம். பெயர்ச்சொல்லாக மாறினால் உடனே கேட்கும்: டிஸ்கஷன் அபௌட், எ ரெக்வஸ்ட் ஃபார், அன் ஆர்டர் ஃபார். நீ சொன்ன ‘ரெக்வஸ்டட் ஃபார்’ அங்கிருந்து தொற்றியது. கடிதம் எழுதி முடித்ததும் ரெக்வஸ்ட், ஆர்டர் இரண்டுக்கும் முன்னால் ‘எ’, ‘த’, ‘ஹிஸ்’ மாதிரி ஏதாவது நிற்கிறதா என்று மட்டும் பார். நின்றால் அது பெயர்ச்சொல், ஃபாரை விட்டுவை.

இரண்டாவது சரக்கு புட் ஆஃப் (off), டேக் ஆஃப் வகையறா. பார்வைக்கு ப்ரெபொசிஷன் மாதிரி இருந்தாலும் அந்த ஆஃப் வேறு ஜாதி. கண்டுபிடிக்க இட், ஹிம் போட்டுப் பார். ‘டேக் இட் ஆஃப்’ வரும், ‘டேக் ஆஃப் இட்’ வராது. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ வரும், ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ வராது. டேக் ஆஃப் பிரியும், லுக் ஆஃப்டர் பிரியாது. காதும் சொல்லும்: ‘டேக் இட் ஆஃப்’ என்னும்போது அழுத்தம் ஆஃபில் விழும், ‘லுக் அட் இட்’ என்னும்போது லுக்கில் விழும்.

இந்த வகைக்கு நம்மிடம் ஒரு கைப்பிடி இருக்கிறது, துணைவினை. ‘சாப்பிடு’, ‘சாப்பிட்டுவிடு’ இரண்டையும் சொல்லிப் பார். அந்த ‘விடு’ யாரையும் விடச் சொல்லவில்லை, முழுசாக முடி என்கிறது. ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’ எல்லாவற்றிலும் அப் செய்கிற வேலை அதுதான், மேலே போவது இல்லை. ‘ரைட் டவுன்’ என்றால் எழுதி வை. ‘கேரி ஆன்’ என்றால் செய்துகொண்டே இரு. அதனால் வினையை வைத்து வரிசை போடாமல் அப் ஒரு பக்கம், ஆஃப் ஒரு பக்கம் என்று எழுதிப் படித்தால் பாதிக்கு மேல் தானாக அடங்கும். ‘புட் அப் வித்’ மாதிரிக் காரணம் கேட்டால் முறைக்கிறதுகளை அப்படியே விழுங்க வேண்டியதுதான்.

உனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதே. 1755-ல் தன் இங்கிலீஷ் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டாரை அதிகம் படுத்துவது இந்த இரண்டாவது சரக்குதான் என்று எழுதிவிட்டார்.

கருங்கல் அக்கா (இப்போது இங்கிலாந்தில்):

சார் சொன்னதோடு வார்டு விஷயம் கொஞ்சம் சேர்க்கிறேன் தங்கச்சி.

நோய்க்குறி என்றால் ‘கம்ப்ளெய்ன் ஆஃப்’, குறை சொல்வது என்றால் ‘கம்ப்ளெய்ன் அபௌட்’. நெஞ்சுவலிக்கு ஆஃப், கஞ்சி ஆறிப்போனதற்கு அபௌட். ஒவ்வொன்றையும் நோயோடும் மருந்தோடும் சேர்த்தே படி: அட்மிட்டட் வித் நிமோனியா, டயக்னோஸ்ட் வித் டயாபெட்டிஸ், அலர்ஜிக் டு பெனிசிலின். வீட்டுக்கு அனுப்பினால் ‘டிஸ்சார்ஜ்ட் ஹோம்’, நடுவில் டு வேண்டாம்.

‘த்ரூ அப்’ என்பது ஸ்பீக்கிங் ரோல்ப்ளேயில் நோயாளியிடம் பேச நல்லது. கடிதத்தில் ‘வாமிட்டட்’ என்றே எழுது. ‘பிராட் அப் ஸ்பூட்டம்’ என்றால் சளியை இருமித் துப்பினார் என்று அர்த்தம், சாப்பாட்டை வாந்தி எடுத்தாலும் ‘பிராட் அப்’தான் சொல்வார்கள்.

முக்கியமாக ‘கோ ஆஃப்’. மானிட்டர் அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்று யாராவது சொன்னால் அலாரம் அடித்தது என்று அர்த்தம். நம் ஊரில் ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப் என்றே கேட்டு வளர்ந்த காதுக்கு, நின்றுவிட்டது என்று தோன்றும். அப்படி நினைத்து நீ உட்கார்ந்திருந்தால் அங்கே பெட்டில் ஆள் போய்விடுவார். பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டுப்போனது.

அப்புறம் இன்டர்வியூவில் ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2018’ என்று சொல்லாதே. இங்கே அது அந்த வருஷம் மயங்கி விழுந்தேன் என்று கேட்கும். ‘கிராஜுவேட்டட்’ போதும். மயங்கினவர் முழிப்பது ‘கேம் ரவுண்ட்’.

மார்த்தாண்டம் நர்ஸ்:

சார், அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அலாரம் விஷயத்தை டூட்டி ரூமில் வாசித்துக் காட்டினேன், சீனியர் சிஸ்டர் உட்பட எல்லாரும் நின்றுவிட்டது என்றுதான் சொன்னார்கள். இன்னும் ஒன்று. ஃபார்மை ‘ஃபில் இன்’ஆ, ‘ஃபில் அவுட்’ஆ? பஸ்ஸுக்கு ‘கெட் ஆன்’, ஆட்டோவுக்கு ‘கெட் இன்’ என்று எங்கள் சென்டரில் சொன்னார்கள். நமக்கு ரெண்டிலும் ஏறுவது ஒன்றுதானே?

தக்கலை வாத்தியார் (ஓய்வு):

ஃபார்முக்கு இரண்டும் சரி. பிரிட்டனில் இன் அதிகம், அமெரிக்காவில் அவுட் அதிகம். வண்டிக்கு ஒரு கணக்கு உண்டு: உள்ளே எழுந்து நடக்க இடம் இருந்தால் ஆன், குனிந்து ஏறி உட்காரத்தான் முடியும் என்றால் இன். பஸ், ரயில், கப்பல் எல்லாம் ஆன். கார், ஆட்டோ இன். வடசேரி பஸ்ஸில் சாயங்காலம் நடக்க இடம் இருக்காது, ஆனாலும் ஆன்தான்.

கொளச்சல்காரன்:

அப்போ வள்ளம்? கட்டுமரம்?

தக்கலை வாத்தியார் (ஓய்வு):

வள்ளம் இன். கட்டுமரம் ஆன். அதில் உள்ளே என்று ஒன்று எங்கே இருக்கிறது?