கடைசியாக நன்றாக இருந்த நேரம்

குழு: பெரிய வீடு, சேலம் (19 பேர்)
ஞாயிற்றுக்கிழமை

செல்வராஜ், காலை 6:11
(பல முறை பகிரப்பட்டது)
*உயிர் காக்கும் ஊசி!!!* பக்கவாதம் வந்தவரை இருந்த இடத்திலிருந்து அசைக்கவே கூடாது. தையல் ஊசியைத் தீயில் காட்டி, பத்து விரல் நுனியிலும் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுங்கள். வாய் கோணியிருந்தால் காது மடலைச் சிவக்கும்வரை இழுத்து அங்கேயும் குத்துங்கள். சில நிமிடங்களில் எழுந்து உட்காருவார். சீன வைத்தியம். பத்து பேருக்காவது அனுப்புங்கள்.

பிரபு, 6:20
அப்பா, போன ஆடியிலும் இதையே போட்டீர்கள்.

செல்வராஜ், 6:22
நல்லதை நாலு தடவை சொன்னால் குறைந்தா போய்விடும்?

லதா, 6:40
அம்மாப்பேட்டையில் இரண்டு மணி நேரமாகக் கரண்ட் இல்லை. யாராவது புகார் நம்பர் அனுப்புங்கள்.

தேன்மொழி, 7:42
மாமா, இரவு டூட்டி முடித்து இப்போதுதான் பஸ் ஏறினேன். முதலில் அதை நீக்குங்கள். பக்கவாதம் மூளைக்குள் நடப்பது. ஒன்று, இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி வந்து அடைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் குழாய் வெடித்துக் கசியும். விரலைக் குத்தி எடுக்கும் இரத்தத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைவிட மோசம் முதல் வரி. அசைக்கக் கூடாதாம்! அசைத்துத் தூக்கி வண்டியில் ஏற்றினால்தான் பிழைப்பே.

செல்வராஜ், 7:45
ஆயிரம் வருஷத்து வைத்தியம் கண்ணு. உங்கள் ஆஸ்பத்திரியெல்லாம் வருவதற்கு முன்னாலும் மனுஷன் வாழ்ந்திருக்கிறான்.

தேன்மொழி, 7:46
வாழ்ந்தான் மாமா. ஒரு பக்கம் விளங்காமல் திண்ணையிலும் கிடந்தான்.

சாந்தி, 8:03
நான் ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திக்குக்கூட இது தெரியாது. மார்கழியில் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்றைக்கு, களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். வலது கையிலிருந்து பலகை நழுவிவிட்டது. குனிந்து எடுக்கிறார், மறுபடியும் நழுவுகிறது. பித்தம் என்று நினைத்தேன். பேசச் சொன்னால் வாயில் கூழை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. உடனே இந்தச் செய்திதான் ஞாபகம் வந்தது. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற ஊசியை அடுப்பில் காட்டிக் குத்தினேன். தோட்ட வேலை செய்த விரல், நுனியெல்லாம் காய்ப்பு. இரத்தமே வரவில்லை. ஆள்காட்டி விரலில் மூன்று தடவை குத்தினேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, கையை மட்டும் இழுத்துக்கொண்டார். இழுத்தது இடது கையை. வலது கையில் குத்தியது அவருக்குத் தெரியவே இல்லை. பத்து விரலும் முடிக்க இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

(எட்டு நிமிடம் யாரும் எழுதவில்லை)

செல்வராஜ்
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி, 8:14
அம்மா. ஏன் சொல்லவில்லை?

சாந்தி, 8:15
எப்படிச் சொல்ல.

கார்த்தி, 8:19
நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணு சாகும் என்று படித்தேன். அப்படியானால் இருபது நிமிடத்தில்

லதா, 8:19
கார்த்தி, போதும்.

தேன்மொழி, 8:24
அண்ணா, அந்தக் கணக்கைப் போடாதே. 2006-ல் ஒரு ஆய்வாளர் போட்ட கணக்கு அது. பெரிய குழாய் அடைத்து, சிகிச்சையே கொடுக்காமல் விட்டால் சராசரியாக எவ்வளவு என்று சொன்னார். பெரியப்பாவின் தலைக்குள் எவ்வளவு போனது என்று அதை வைத்து யாரும் சொல்ல முடியாது. பெரியம்மா, வார்டில் நான் தினமும் பார்க்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்து, எலுமிச்சம்பழம் தேய்த்து, சோடா குடிக்கவைத்து, அப்புறம் அழைத்து வருகிறார்கள். நீங்கள் குடிக்க ஒன்றும் கொடுக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். விழுங்க வராதவருக்குத் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

பிரபு, 8:31
அத்தை, நேரம் போனது உங்களால் மட்டும் இல்லை. வழியில் ஓரிடத்தில் காட்டினோமே. 'கேஸ் டிரபிள்தான், குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிவிடும்' என்று முக்கால் மணி நேரம் படுக்கவைத்தார்கள். ஏற்காடு மலையில், நாகலூரிலிருந்து நேராக இறங்கியிருந்தால் அந்த நேரத்துக்கு அடிவாரம் தாண்டியிருப்போம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் சுற்றுலா வண்டிகள் வேறு, ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கும் அந்த இடத்தின் பெயர்ப் பலகையைத் தாண்டிப் போகும்போது வயிறு எரிகிறது.

கார்த்தி, 8:36
எனக்கு ஒரு சந்தேகம் தேனு. அன்று டாக்டர் ஓசூரில் இருந்த எனக்குப் போன் போட்டு ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். 'எப்போது வந்தது' என்று கேட்கவில்லை. 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்' என்றுதான் கேட்டார்.

பிரபு, 8:37
வாட்ஸ்அப்பில் காட்டுமே, கடைசியாகப் பார்த்தது. அதுமாதிரியா?

தேன்மொழி, 8:45
கிட்டத்தட்ட அதேதான். கட்டியைக் கரைக்கும் மருந்துக்குக் கடிகாரம் அந்த நேரத்திலிருந்துதான் ஓடும். 1995-ல் அமெரிக்காவில் 624 பேரை வைத்துச் செய்த ஆய்வில்தான் முதலில் நிரூபித்தார்கள், மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் உண்டு என்று. 2008-ல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. அதற்காக நாலரை மணி வரைக்கும் ஒரே பலன் என்று அர்த்தமில்லை, போகப் போகக் குறையும். ஆபத்தும் இருக்கிறது. 1995 ஆய்விலேயே மருந்து வாங்கியவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் கசிந்தது. நேரம் தப்பிப் போனால் கசிவுக்குப் பயந்தே கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் மூன்று தடவை கேட்டார்.
இரவு பத்து மணிக்கு நன்றாகப் படுத்தவர் காலை ஆறு மணிக்குக் கோணிய வாயோடு எழுந்தால், கணக்கு பத்து மணியிலிருந்து. அப்படிப்பட்டவர்களிலும் சிலருக்கு எம்.ஆர்.ஐ. பார்த்துக் கொடுக்கலாம் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. எல்லாருக்கும் பொருந்தாது.

சாந்தி, 8:51
நான் சொன்னது பஸ்ஸை வைத்துத்தான். ஏழே கால் பஸ் போகும்போது டிரைவருக்குக் கை காட்டினார். வலது கையால். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தேன்மொழி, 8:53
அந்த ஒரு வார்த்தைதான் பெரியம்மா காப்பாற்றியது. ஏழே காலிலிருந்து நாலரை மணி நேரம் என்றால் பதினொன்றே முக்கால். சி.டி. ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்து, பதினொன்று ஐந்துக்கு மருந்து ஏறியது. 'காலையிலிருந்தே ஒருமாதிரி இருந்தார்' என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லியிருந்தால் ஊசியை எடுத்தே இருக்க மாட்டார்கள்.

லதா, 9:02
மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரின் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் என்ன?

தேன்மொழி, 9:04
கூடாதும்மா. அடைப்பா கசிவா என்று சி.டி. பார்க்காமல் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. கசிவாக இருந்து ஆஸ்பிரின் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதுதான். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு வரி பேசச் சொல்லுங்கள். ஒன்று கோணினாலும் 108. சி.டி. இருக்கிற இடத்துக்கே போகச் சொல்லுங்கள்.

கார்த்தி, 9:10
தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுப்பார்களாமே?

தேன்மொழி, 9:15
பெரிய குழாய் அடைத்தவர்களுக்கு. நெதர்லாந்தில் 500 பேரை வைத்துச் செய்து 2015-ல் வெளியிட்டார்கள், அதற்குப் பிறகுதான் உலகமே நம்பியது. அது ஆறு மணி நேரத்துக்குள். 2018-ல் ஸ்கேன் பார்த்துப் பொறுக்கி எடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் பலன் இருப்பதைக் கண்டார்கள். உடனே '24 மணி நேரம் இருக்கிறதே' என்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள், பிரபுவைத்தான் சொல்கிறேன்.

பிரபு, 9:16
நான் என்ன பாவம் செய்தேன்.

கார்த்தி, 9:20
இதையெல்லாம் ஆஸ்பத்திரிகளே எல்லாருக்கும் மெசேஜாக அனுப்பலாமே. ஊசிக் கதைக்குப் பதில் இதுவாவது சுற்றட்டும்.

தேன்மொழி, 9:27
அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். நம் நாட்டிலேயே, 31 மையங்களில், ஒரு தடவை பக்கவாதம் வந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து. ஒரு பாதிப் பேருக்கு எஸ்.எம்.எஸ்., வீடியோ, ஒரு பயிற்சிப் புத்தகம், பன்னிரண்டு மொழிகளில். முடிவு 2023-ல் வந்தது. மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வருவது குறையவில்லை, ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போடுவது கொஞ்சம் கூடியது. படித்தபோது எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் வார்டில் நான் பார்ப்பதும் அதுதான். மெசேஜ் படிக்கிறார்கள், கட்டைவிரல் போடுகிறார்கள், மாத்திரை டப்பா அலமாரியிலேயே இருக்கிறது.

சாந்தி, 9:30
அவரும் அப்படித்தான். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். ஐப்பசியில் அளந்து பார்த்து நார்மல் என்றதும் நிறுத்திவிட்டார்.

தேன்மொழி, 9:31
நார்மல் ஆனதே மாத்திரையால்தானே பெரியம்மா!! 32 நாட்டில் செய்த ஆய்வில் பத்துக் காரணங்கள்தான் பத்தில் ஒன்பது பக்கவாதத்துக்கு என்று வந்தது. அதில் முதல் ஆள் பிரஷர்.

லதா, 9:34
உப்பைக் குறைத்தால் போதாதா?

தேன்மொழி, 9:37
குறைக்க வேண்டியதுதான். சீனாவில் 600 கிராமங்களில் சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். பக்கவாதம் நூற்றுக்குப் பதினாலு குறைந்தது, 2021. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது. ஆனால் உப்பைக் குறைத்தாச்சு என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

செல்வராஜ், 9:52
சாந்தி. நீ பார்த்தது நான் அனுப்பியதுதானா?

சாந்தி, 9:53
ஆமாம் அண்ணா. குத்தியது நான்தான்.

செல்வராஜ், 9:58
மாப்பிள்ளை இப்போது எப்படி இருக்கிறார்?

சாந்தி, 10:01
களத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பயிற்சி சொல்லித் தருகிற பெண், வலது கையாலேயே மிளகு பொறுக்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு படி பொறுக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. எனக்குத் தெரியாமல் இடது கையால் நாலு போட்டுவிட்டுச் சிரிக்கிறார்.

தேன்மொழி, 10:03
மாமா, உங்கள் பிரஷர் எவ்வளவு?

செல்வராஜ், 10:04
எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறேன்.

பிரபு, 10:05
வீட்டில் மெஷின் இருக்கிறது. இப்போதே அளக்கிறேன்.

பிரபு, 10:16
176/102. இரண்டு தடவை அளந்தேன்.

செல்வராஜ், 10:17
அந்த மெஷின் சரியில்லை. பேட்டரி போயிருக்கும்.

தேன்மொழி, 10:17
மாத்திரை?

பிரபு, 10:18
அட்டையைப் பார்த்தேன். தை மாதமே தீர்ந்திருக்கிறது.

தேன்மொழி, 10:19
நான் அஸ்தம்பட்டியில்தான் நிற்கிறேன், இன்னும் வீடு போகவில்லை. பிரபு, மாமாவை வண்டியில் ஏற்று. பழைய சீட்டையும் எடுத்து வா. மாமா, வரும் வழியில் தட்டுவடை செட் கடையில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டான், இப்போதே சொல்லிவிட்டேன்.

செல்வராஜ், 10:21
சட்டை போடுகிறேன்.