லேட்டெக் பழகத் தொடங்குகிறேன்: எந்த எடிட்டர் ஏற்றது?

கேள்வி – இயற்கணிதம்

வணக்கம். சமன்பாடுகள் நிறைந்த கணிதக் குறிப்புகளைத் தமிழில் எழுதி, நூல் வடிவில் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காக, கட்டளைகளை எழுதி அச்சுப் பக்கங்களை உருவாக்கும் லேட்டெக் முறையைக் கற்கிறேன். நிரல் எழுதிப் பழக்கமில்லை. டெக்ஸ்ஸ்டுடியோ என்னும் எடிட்டரை நிறுவி, மாதிரிக் கோப்பு ஒன்றை ஒட்டி, பச்சை அம்புக்குறியை அழுத்தினால் ‘பிடிஎஃப்லேட்டெக் கட்டளையைத் தொடங்க முடியவில்லை’ என்று செய்தி வருகிறது. இந்த எடிட்டர் எனக்குச் சரிவராதா? புதியவர்களுக்கு வேறு எது எளிது?

பதில் – மெய்ப்பு

எதையும் நிறுவாமல் தொடங்க ஓவர்லீஃப் என்னும் இணையதளம் போதும். உலாவியிலேயே இடப்பக்கம் எழுதலாம், வலப்பக்கம் பிடிஎஃப் தெரியும். நீங்கள் தமிழில் எழுதுவதால் அமைப்புகளில் கம்பைலரை (கோப்பைப் பிடிஎஃப்பாக மாற்றும் இயந்திரத்தை) யூனிகோட் எழுத்துருக்களைக் கையாளும் ஸீலேட்டெக் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இலவசக் கணக்கில் கம்பைல் நேரத்துக்கு வரம்பு உண்டு. முழு நூல் என்றால் அது இடிக்கும்.

பதில் – அச்சுக்கோப்பு

எடிட்டரில் கோளாறு இல்லை. டெக்ஸ்ஸ்டுடியோ எழுதும் மேசை மட்டுமே. பக்கத்தைக் கோத்துத் தரும் இயந்திரம் அதனுடன் வருவதில்லை. அதைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸில் மிக்டெக் அல்லது டெக் லைவ், மேக்கில் மேக்டெக், லினக்ஸில் டெக் லைவ். டெக் லைவை முழுமையாக நிறுவினால் பல ஜிபி இடம் பிடிக்கும். மிக்டெக் சிறிதாகத் தொடங்கி, தேவைப்படும் தொகுப்புகளை அவ்வப்போது இறக்கிக்கொள்ளும். நிறுவியபின் டெக்ஸ்ஸ்டுடியோவை மூடித் திறங்கள். அந்தச் செய்தி போய்விடும்.

இனி எந்த எடிட்டர் என்ற கேள்வி. தொடக்கத்தில் எல்லோரையும் சோர்வடையச் செய்வது பிழைச் செய்திகள்தாம். ஆகவே பிழையை எந்த எடிட்டர் தெளிவாகக் காட்டுகிறதோ, அதுவே புதியவருக்கு நல்லது. சமன்பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் டாலர் குறி ஒன்று விடுபட்டாலும், பிழை பல வரிகள் தள்ளித்தான் அறிவிக்கப்படும். டெக்ஸ்ஸ்டுடியோவில் கீழே உள்ள பட்டியலில் பிழையைச் சொடுக்கினால் உரிய வரிக்கே கொண்டுபோய் நிறுத்தும். பல பிழைகள் வந்தால் முதலாவதை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டுங்கள். மற்றவற்றில் பாதி தாமாக மறையும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பிடிஎஃப்பில் ஒரு சொல்லைச் சொடுக்கினால், மூலக் கோப்பில் அந்த இடம் திறக்கும். நீண்ட நூலுக்கு இந்த வசதி இல்லாமல் முடியாது.

டெக்வொர்க்ஸ் என்னும் எடிட்டர் இதைவிட எளிமையானது. பொத்தான்கள் மிகக் குறைவு. திரையில் கூட்டம் இருந்தால் மிரள்பவர்களுக்கு அதையே சொல்வேன். சமன்பாடுகளுக்குக் குறியீட்டுப் பட்டியல் தேவைப்படும் உங்களுக்கு டெக்ஸ்ஸ்டுடியோதான் பொருத்தம்.

பதில் – வரிக்குவரி

நிரலர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோட் எடிட்டரில் லேட்டெக் வொர்க்ஷாப் நீட்சியைச் சேர்த்தால் இவை அனைத்தும் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே விஎஸ் கோட் பழகியவருக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன். ஒரே நேரத்தில் இரண்டைக் கற்பது வீண் சுமை. கட்டளைகளே வேண்டாம் என்பவர்களுக்கு லிக்ஸ் இருக்கிறது. ஆனால் நீங்கள் லேட்டெக்கைக் கற்கவே விரும்புகிறீர்கள்.

இயற்கணிதம்

மிக்க நன்றி. மிக்டெக் நிறுவியதும் ஆங்கில மாதிரி அழகாக வந்தது. தமிழ் சேர்த்ததும் ‘இந்த யூனிகோட் எழுத்துக்கு ஏற்பாடு இல்லை’ என்று பிழை வந்தது. மெய்ப்பு சொன்னபடி, டெக்ஸ்ஸ்டுடியோவிலும் ஸீலேட்டெக்குக்கு மாற்றினேன். பிழை போய்விட்டது. ஆனால் சமன்பாடுகள் இருக்கின்றன, தமிழ் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது!

அச்சுக்கோப்பு

சரியான வழியில்தான் போகிறீர்கள். இயல்பாக வரும் லத்தீன் மாடர்ன் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் கிடையாது. அதனால் பிழை காட்டாமலே அவற்றை விட்டுவிடுகிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் செய்திகளும் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து பாருங்கள், இல்லாத எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருக்கும்.

கோப்பின் முகப்பில், எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பைச் சேர்த்து, முதன்மை எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றைக் குறிப்பிடுங்கள். அந்த எழுத்துரு கணினியில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதே வரியில், ஸ்கிரிப்ட் என்னும் தெரிவில் தமிழ் என்று கொடுக்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் ‘கொ’, ‘கை’ போன்றவற்றில் கொம்புகள் இடம் மாறி நிற்க வாய்ப்புண்டு. பல மொழிகளுக்கான பாலிகுளாசியா தொகுப்பில் முதன்மை மொழியாகத் தமிழைக் கொடுத்தால் இயல்தலைப்பு, பொருளடக்கம் போன்ற சொற்களும் தமிழில் வரும்.

இயற்கணிதம்

தமிழ் வந்துவிட்டது! ‘கொ’வும் சரியாக இருக்கிறது. ஒரே ஒரு ஐயம்: இந்தக் கோப்பை இன்னொருவருக்கு அனுப்பினால், அவரும் எடிட்டரில் கம்பைலரை மாற்றியாக வேண்டுமா?

வரிக்குவரி

தேவையில்லை. கோப்பின் முதல் வரியில் விழுக்காட்டுக் குறியிட்டு, ‘டெக் புரோகிராம்’ ஸீலேட்டெக் என்று அறிவிக்கும் குறிப்பை எழுதிவிடுங்கள். டெக்ஸ்ஸ்டுடியோவும் டெக்வொர்க்ஸும் அதைப் படித்து உரிய இயந்திரத்தைத் தாமே தேர்ந்துகொள்ளும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.