அசாசின்ஸ் கிரீட் 2: முதல் பாகத்தின் நிதானம் பிடித்தவனுக்கு இது சரிப்படுமா?

கூரைவாசி கேட்டது:

அசாசின்ஸ் கிரீட் வீடியோ கேமின் முதல் பாகத்தை இப்போதுதான் முடித்தேன். பலரும் அதை அலுப்பு என்கிறார்கள். எனக்கோ அந்த நிதானம்தான் பிடித்தது. டமாஸ்கஸில் ஒருவனைக் கொல்ல வேண்டுமென்றால் முதலில் பெஞ்சில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்க வேண்டும், ஒருவன் இடுப்பிலிருந்து கடிதத்தை உருவ வேண்டும், இன்னொருவனைச் சந்துக்குள் மடக்கி நாலு சாத்து சாத்தி விஷயத்தைக் கறக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கொலை. இரண்டாம் பாகம் எல்லா வகையிலும் மேல் என்றே எங்கும் படிக்கிறேன். மறைந்திருந்து, திட்டம் போட்டு ஆடுவதிலும் அப்படித்தானா? முடித்தவர்கள் நிறை குறை இரண்டையும் சொல்லுங்கள். கதையின் முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

மணிக்கூண்டு பதில்:

ஊரும் மனிதர்களும் பல மடங்கு மேல். நீங்கள் கேட்கிற அந்தத் திட்டமிடல் மட்டும் நிச்சயமாகக் கீழே போயிருக்கிறது. எனக்கு இந்தத் தொடரிலேயே மிகப் பிடித்த கேம் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் வருத்தத்தோடே சொல்கிறேன்.

முதலில் நிறை. முதல் பாகத்தின் நாயகன் ஆல்டாயிர் நமக்கு அறிமுகமாகும்போதே தேர்ந்த கொலையாளி. இதன் நாயகன் எட்சியோ அப்படியில்லை. 1476-ஆம் ஆண்டு புளோரன்ஸில் ஒரு வங்கியாளரின் மகன், பதினேழு வயது, தெருச் சண்டையும் காதலுமாகத் திரிகிறவன். தொடக்கத்தில் அவன் செய்வதெல்லாம் வீட்டு வேலை: அப்பாவின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது, அம்மாவோடு போய் லியொனார்டோ டா வின்சியின் ஓவியங்கள் இருக்கும் பெட்டியைச் சுமந்து வருவது, நோயாளித் தம்பிக்காகக் கூரைகளில் ஏறி இறகு பொறுக்குவது. எப்போதடா வாளை எடுப்போம் என்று சிலர் பொறுமை இழக்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நேர்வது நம்மைத் தைப்பதே இந்தச் சின்ன வேலைகளால்தான். பிறகு மேப் முழுக்கச் சிதறிக் கிடக்கும் 100 இறகுகளைத் தேடுவதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. முதல் பாகத்தில் கொடிகளைப் பொறுக்கியதற்கு அப்படி எதுவும் இருந்ததா?

வரலாற்றைக் கையாளும் விதம் இன்னொன்று. 1478 ஏப்ரல் 26 அன்று புளோரன்ஸ் பேராலயத்தில், வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போதே, பாட்சி குடும்பத்தாரும் கூட்டாளிகளும் அந்த ஊரை ஆட்டிவைத்த மெடிசி குடும்பத்துச் சகோதரர்கள்மேல் பாய்ந்தார்கள். ஜூலியானோ அங்கேயே குத்துப்பட்டுச் செத்தார், லொரென்சோ காயத்தோடு தப்பினார். இது நிஜமாக நடந்தது. கேம் உங்களை அந்தக் கலவரத்துக்கு நடுவில், லொரென்சோவின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதற்கு முன்பே அந்தப் பேராலயத்தின் மேல் பலமுறை ஏறியிருப்பீர்கள், அங்கிருந்து எந்தக் கூரைக்குத் தாவலாம் என்பது கைக்கே பழகியிருக்கும். அதனால் அந்தச் சம்பவம் நமக்குத் தெரிந்த தெருவில் நடந்தது போலவே இருக்கிறது. இந்த கேமுக்கு இசையமைத்த யெஸ்பர் கிட்டின் இசையைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். இரவில் புளோரன்ஸ் கூரைமேல் சும்மா நின்று கேளுங்கள், போதும்.

மறைவு ஆட்டத்திலும் கருவிகள் கூடியிருக்கின்றன. முன்பு ஒளிய வேண்டுமானால் வெள்ளை அங்கித் துறவிகளைத் தேட வேண்டும். இங்கே தெருவில் நடக்கும் எந்தக் கூட்டத்துக்குள்ளும் கரைந்துவிடலாம். காவலர்களைத் திசைதிருப்பக் கணிகையரையோ திருடர்களையோ கூலிப்படையையோ காசு கொடுத்து அமர்த்தலாம். இரண்டு கைகளிலும் கத்தி, வைக்கோல் வண்டிக்குள் இருந்தபடியே கொலை, கூரை விளிம்பில் தொங்கிக்கொண்டே மேலே நிற்பவனை இழுத்துப் போடுவது என வழிகள் ஏராளம். எட்சியோவுக்கு நீச்சலும் தெரியும். முதல் பாகத்தில் ஏக்கர் நகரத் துறைமுகத்தில் தண்ணீரில் விழுந்து விழுந்து செத்தவர்களுக்கு வெனிஸ் கால்வாய்களின் அருமை புரியும்.

இனி குறை. இத்தனை கருவிகளைக் கொடுத்துவிட்டு, அவற்றை யோசித்துப் பயன்படுத்தும் தேவையைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணைக் கட்டம் அடியோடு இல்லை. இவனைப் பின்தொடர், அங்கே ஏறு, இப்போது கொல் என்று மிஷனே கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. எந்த வாசல் வழியாக உள்ளே போகலாம், எவன் எப்போது தனியாக இருப்பான் என்பதெல்லாம் நாம் துப்புத் துலக்கித் தெரிந்துகொண்டதாக இருப்பதில்லை, யாரோ சொல்லித் தந்ததாகவே இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை, மாட்டிக்கொண்டால் நஷ்டமே கிடையாது. காவலர்கள் பத்துப் பேர் சூழ்ந்தாலும் ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள். மணிக்கட்டில் ஒளிந்திருக்கும் மறைகத்தியோடு நின்று, அடி விழும் நேரம் பார்த்துத் தடுத்தால் ஒரே குத்தில் ஒருவன் காலி. அப்படியே பட்டாலும் மருந்து இருக்கிறது, ஓட வேண்டுமென்றால் புகைக்குண்டு இருக்கிறது. அப்புறம் பணம். மோன்டெரிஜ்ஜோனி கோட்டையூரில் கடைகளைச் சீர்செய்து, ஓவியங்களை வாங்கி மாட்டினால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டியில் வருமானம் சேர்ந்துகொண்டே போகும். பாழடைந்த ஊர் கண்முன்னே உயிர்பெறுவது அழகுதான். ஆனால் பாதிக் கதையிலேயே எதை வாங்கவும் யோசிக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டால், யாரை அமர்த்துவது, எதைச் சேமிப்பது என்ற கணக்கே செத்துவிடுகிறது.

எட்சியோவின் கெட்ட பெயர் ஏறி இறங்கும் அளவுகோல் நல்ல யோசனை. நடுத்தெருவில் கொன்றால் ஊர் முழுக்க உங்களை அடையாளம் காணும். அதையும் நிலைக்க விடவில்லை. சுவரில் சில போஸ்டர்களைக் கிழித்து, கூவி அறிவிப்பவனுக்குக் கொஞ்சம் காசு கொடுத்தால் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். 100 இறகுகளையும் சேர்த்தவருக்குக் கிடைக்கும் அங்கியைப் போட்டால் அந்த அளவு உச்சத்திலேயே நிற்கும். கேமிலேயே கடினமான மறைவு ஆட்டம் அதுதான். அதை எல்லாம் முடிந்தபிறகு கொடுக்கிறார்கள்!

தோணித்துறை பதில்:

மணிக்கூண்டு நண்பரே, விசாரணைக் கட்டத்தை ரொம்பவே தூக்கி வைக்கிறீர்கள். ஒட்டுக்கேட்டல், பிக்பாக்கெட், அடித்து விசாரித்தல், ஒற்றனுக்கு எடுபிடி. ஒன்பது இலக்குகளுக்கும் இதே நாலுதான் திரும்பத் திரும்ப. கிடைத்த தகவலைப் படிக்காமலேயே நேரே போய்க் கொன்றவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். இரண்டாம் பாகத்தில் மூளைக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கேமில் வரும் ஆறு கல்லறைகளையும் தவறவிடாதீர்கள். வெனிஸின் சான் மார்கோ பேராலயத்துக்குள், நேரம் ஓடிக்கொண்டிருக்க, வழியைக் கண்டுபிடித்து ஏறும் பகுதிக்கு ஈடாக முதல் பாகத்தில் ஒன்றுமில்லை. கட்டடங்களில் ஒளிந்திருக்கும் குறியீட்டுப் புதிர்களும் அப்படித்தான்.

என் பெரிய குறை கதையில் உள்ள ஓட்டை. 2009 நவம்பரில் கன்சோல்களில் வந்தபோது 12, 13-ஆம் அத்தியாயங்களே இல்லை. ஃபோர்லி நகர முற்றுகையும், துறவி சவோனரோலா புளோரன்ஸை ஆட்டிவைத்த கதையும் 2010 ஜனவரி, பிப்ரவரியில் தனி டி.எல்.சி.யாக, அதாவது காசு கொடுத்துப் பதிவிறக்கும் கூடுதல் பகுதியாக, விற்கப்பட்டன. அவை இல்லாமல் ஆடினால் 1488-லிருந்து 1499-க்கு ஒரே தாவு. எட்சியோ பக்குவப்படும் காலமே காணாமல் போகிறது.

மணிக்கூண்டு:

அந்த நாலு வேலைகளும் ஒரே மாதிரி இருந்தன என்பது சரி. அதற்கு மருந்து அவற்றை விதவிதமாக்குவது. தூக்கி எறிந்ததுதான் எனக்கு ஆறவில்லை. கல்லறைகள் அருமை, மறுக்க மாட்டேன். ஆனால் அவை ஏறித் தாவும் புதிர்கள், ஒருவனை நோட்டம் விட்டுக் காத்திருந்து கொல்வது அவற்றில் இல்லை. டி.எல்.சி. விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம்.

கூரைவாசி:

நன்றி. அப்படியானால் எந்தப் பதிப்பை வாங்குவது? நான் ரசிக்கிற மாதிரி ஆட ஏதாவது வழி இருக்கிறதா?

மணிக்கூண்டு:

2016-இல் வந்த எட்சியோ தொகுப்பில் (The Ezio Collection) அந்த இரண்டு அத்தியாயங்களும் உள்ளேயே இருக்கின்றன, பிசி பதிப்பிலும் அப்படியே. ஆடும்போது மருந்து வாங்காதீர்கள். திறந்த சண்டையில் மறைகத்தியை எடுக்காதீர்கள், வாளோடு நில்லுங்கள். மோன்டெரிஜ்ஜோனி பெட்டியை வெனிஸ் போய்ச் சேரும்வரை திறக்காதீர்கள். திரையில் தெரியும் மினி மேப்பையும் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடுங்கள். அப்போது கூட்டத்துக்குள் கரைவதும் ஆள் அமர்த்துவதும் உண்மையிலேயே தேவைப்படும். புளோரன்ஸின் சான்டா குரோச்சே தேவாலயத்தில் வரும் முதல் கொலையை இப்படி ஆடிப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.