வால்சக்கர விமானப் பயிற்சியில் தரையிறங்கும்போது விபத்து: அனுபவமுள்ளோரின் வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சியைச் சேர்ந்த என் அக்காள் மகன் அமெரிக்காவில் வால்சக்கர விமானம் (முன்னால் இரு முதன்மைச் சக்கரங்களும் வாலடியில் ஒரு சிறு சக்கரமும் கொண்டது) ஓட்டப் பயின்று வருகிறான். சென்ற வாரம் பக்கக்காற்றில் தரையிறங்கியபோது, சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டு வேகம் குறைந்துகொண்டிருந்த நேரத்தில், விமானம் காற்று வந்த திசைக்குத் திரும்பிச் சுழன்று, ஒரு பக்கத்துச் சக்கரக்கால் மடங்கி, இறக்கை நுனி தரையில் உரசி நின்றது. அவனுக்கும் பயிற்றுநருக்கும் காயமில்லை. எங்களுக்கு அதுவே பெரிய ஆறுதல்.

இவ்வகை விமானத்தில் எடைமையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சிறிது கோணினாலும் அந்தக் கோணல் தானாகவே பெருகும்; வேகம் குறையக் குறைய, விமானத்தை இடம் வலமாகத் திருப்பும் வால்பகுதிச் சுக்கானின் பிடியும் தளரும். இதையெல்லாம் அறிந்திருந்தும் கால்கள் உரிய நேரத்தில் சுக்கானை இயக்கும் மிதியை அழுத்தவில்லை என்று சொல்லி மனம் உடைந்திருக்கிறான். பறப்பதை அவன் விட்டுவிடக் கூடாது என்பதே என் விருப்பம்.

1951இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டு எச்.டி.-2 வால்சக்கர விமானத்தில் பயிற்சி பெற்ற விமானப்படைப் பெரியவர்கள் கோவை, சூலூர்ப் பக்கம் இருந்தால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் அறிந்த அவர்களின் சொல் அவனுக்கு மிகவும் பயன்படும். பக்கக்காற்றில் மூன்று சக்கரங்களும் ஒருசேரத் தொடும்படி இறக்குவது நல்லதா, முன்னிரு சக்கரங்களில் இறக்குவது நல்லதா, கால்களுக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும் என்பவற்றை அன்புகூர்ந்து எழுதுங்கள். நேரில் வந்து கேட்டுக்கொள்ளவும் ஆயத்தமாக இருக்கிறேன்.