ஸ்கீன்ஸ் இருக்கிற வரைக்குமாவது பைரேட்ஸ் பிளேஆஃப் பக்கம் போவாங்களா?

கரும்மஞ்சள்:
நம்ம பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் டீமுக்கு பிராடென்டன்ல ஸ்ப்ரிங் டிரெய்னிங் (சீசனுக்கு முந்தின பயிற்சி) ஆரம்பிக்கப் போகுது, 2026 சீசன நெனச்சா ஒரு பக்கம் ஆசையா இருக்கு, ஒரு பக்கம் வயித்தக் கலக்குது. நம்ம பிட்ச்சர் (பந்து போடுறவரு) பால் ஸ்கீன்ஸ் போன வருஷம் 1.97 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா விட்டுக் குடுத்த ரன்), 216 ஸ்ட்ரைக்அவுட், சிறந்த பிட்ச்சருக்கான சை யங் அவார்டுக்கு ஓட்டுப் போட்டவங்க அத்தன பேரும் இவருக்கே மொத ஓட்டு போட்டாங்க, ஆனா அவரோட வின்-லாஸ் என்ன? 10-10! இப்படி பந்து போடுற ஒருத்தரு பத்து தோல்விய சுமக்கணும்னா மத்தவனுங்க பேட்ட வச்சிக்கிட்டு என்னதான் பண்ணிட்டு இருந்தானுங்க. 30 டீம்லயே கம்மியா ஹோம் ரன் அடிச்சது நாமதான், கம்மியா ரன் எடுத்ததும் நாமதான். 71 வெற்றி, 91 தோல்வின்னு சீசன் முடிஞ்சுது.

ஸ்கீன்ஸ் 2029 முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கு வேணா போகலாம். இன்னும் நாலே சீசன். அதுலயும் 2027ல இருந்து ஆர்பிட்ரேஷன் (சம்பளத் தகராறுக்கு நடுவர் தீர்ப்பு) வந்துடும், சம்பளம் வருஷா வருஷம் எகிறும், அப்புறம் நம்மாளுங்க "சின்ன மார்க்கெட், கட்டுப்படி ஆகல"ன்னு ஆரம்பிச்சு எங்கயாவது தள்ளி விட்ருவாங்களோன்னு பயம். நம்ம பழைய பிட்ச்சர் கெரிட் கோல் விஷயத்துல அப்படித்தான ஆச்சு? 2011 டிராஃப்ட்ல (டீமுங்க புது ஆளுங்கள வரிசையா எடுக்குற தேர்வு) மொத ஆளா எடுத்தோம், 2018 ஜனவரில ஹூஸ்டனுக்கு டிரேடு, அங்க போயி ஆளே வேற லெவல் ஆகி 2019 டிசம்பர்ல யாங்கீஸ்கிட்ட 324 மில்லியன் டாலர் வாங்கினாரு, 2023ல சை யங்கும் வாங்கிட்டாரு. ஸ்கீன்ஸும் 2023 டிராஃப்ட்ல மொத ஆளு. அதான் கெதக்குங்குது.

ஆனா இந்த தடவ வின்டர்ல கொஞ்சம் காசு வெளிய வந்திருக்கு, அதையும் சொல்லணும். டேம்பா பே ரேஸ் டீம்கிட்ட இருந்து பேட்டர் பிராண்டன் லோவ், ஃப்ரீ ஏஜென்ட்ல இன்னொரு பேட்டர் ரயன் ஓஹர்ன், ரெண்டு வருஷத்துக்கு 29 மில்லியன். கீழ இருந்து கானர் கிரிஃபின் வேற வர்றான், பத்தொம்போது வயசு ஷார்ட்ஸ்டாப் (ஒரு ஃபீல்டிங் எடம்), மைனர் லீக்லயே (கீழ்மட்ட லீக்) நம்பர் ஒன் ப்ராஸ்பெக்ட்னு (வருங்கால ஸ்டார்) சொல்றாங்க. இப்ப என் கேள்வி: நம்பி உக்காரலாமா, இல்ல ஸ்கீன்ஸ் மதிப்பு உச்சத்துல இருக்கும்போதே டிரேடு பண்ணி நாலஞ்சு நல்ல பசங்கள வாங்கிப் போடுறதுதான் புத்திசாலித்தனமா? உள்ளதச் சொல்லுங்க, ஆறுதல் வேணாம்.

மூணுஆறு_காலத்துஆளு:
ஆறுதல் வேணாம்னு சொன்னதுக்கு நன்றி தம்பி, என்கிட்ட அது ஸ்டாக்கே இல்ல.

1992ல இருந்து பாக்குறவன் நான். அட்லாண்டால லீக் சாம்பியன்ஷிப் சீரிஸோட ஏழாவது மேட்ச், ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் 2-0 லீடு, அத கோட்டை விட்டு 3-2ல தோத்தோம், கடைசி ரன் ஓடி வந்தது யாரு, நம்மகிட்ட ஆடிட்டுப் போன சிட் பிரீம். நம்ம ஸ்டார் பேட்டர் பாரி பாண்ட்ஸ் அதோட சான் ஃபிரான்சிஸ்கோ போயிட்டாரு. அப்புறம் 1993ல இருந்து 2012 வரைக்கும் வரிசையா இருபது வருஷம் தோத்த சீசன், அமெரிக்கால பெரிய லீக் எதுலயும் இப்படி ஒரு டீம் தொடர்ந்து தோத்ததில்ல. 2013, 14, 15ல கொஞ்சம் மூச்சு வந்துச்சு. அதுலயும் 2015ல 98 மேட்ச் ஜெயிச்சும் ஒரே ஒரு வைல்ட் கார்ட் மேட்ச்ல (டிவிஷன் ஜெயிக்காத டீமுக்கான பிளேஆஃப் வாசல்) சிகாகோ பிட்ச்சர் ஜேக் அரியெட்டா நம்மள ஊதித் தள்ளிட்டான். அதுக்கப்புறம் பிளேஆஃப் வாசப்படியே மிதிக்கல.

லோவ் வந்தாருன்னு சந்தோஷப்படுறீங்க, அவரு காண்ட்ராக்ட் இந்த வருஷத்தோட முடியுது. 29 மில்லியன் செலவு பண்ணதயே திருவிழா மாதிரி கொண்டாடுற நெலமைக்கு நம்மள கொண்டாந்து விட்டிருக்காங்களே, அதச் சொல்லுங்க மொதல்ல. பாப் நட்டிங் 2007ல இருந்து ஓனரு. போன வருஷம் மைதானத்துல "டீம வித்துத் தொலை"ன்னு ஜனங்க கோஷம் போட்டது சும்மாவா? ரைட் ஃபீல்டு சுவத்துல இருந்த நம்ம பழைய ஜாம்பவான் ராபர்ட்டோ கிளெமென்டேவோட 21 நம்பர எடுத்துட்டு விளம்பரம் ஒட்டினாங்க, குடும்பத்துல இருந்தே வருத்தப்பட்ட பிறகு திருப்பி வச்சாங்க. கிளெமென்டே நம்பரு மேல கை வைக்கிறவங்களுக்கு ஸ்கீன்ஸ் எம்மாத்திரம்?

மில்வாக்கி_மாமா:
நான் மில்வாக்கி ப்ரூவர்ஸ் ஆளு, நடுவுல பூர்றதுக்கு மன்னிக்கணும். ஆனா இந்த "சின்ன மார்க்கெட்" பாட்டு எனக்கு அலுத்துப்போச்சு சார். மேஜர் லீக்லயே ரொம்ப சின்ன ஊரு எங்களுது. ஆனா டிவிஷன (லீக்ல நம்ம பிரிவு) 2023, 24, 25னு மூணு வருஷம் வரிசையா எடுத்தோம், போன வருஷம் 97 வெற்றி, மொத்த லீக்லயே அதிகம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்களே, உங்க ஓனரு கத அதான்.

எப்படிப் பண்றாங்கன்னு பாருங்க. 2022ல பிட்ச்சர் ஜாஷ் ஹேடர சான் டியாகோ பாத்ரேஸுக்கு அனுப்பினாங்க, டிவிஷன்ல முன்னாடி இருக்கும்போதே, ஊரே திட்டுச்சு, நானும் திட்டுனேன், அந்த வருஷம் பிளேஆஃபும் போச்சு. ஆனா அந்த டிரேடுல வந்த எஸ்டெவரி ரூயிஸ வச்சு அஞ்சாறு மாசத்துக்குள்ள வில்லியம் கான்ட்ரெராஸ வாங்கிட்டாங்க, இப்ப லீக்ல இருக்கிற நல்ல கேட்சர்கள்ல ஒருத்தரு. ஜாக்சன் சூரியோ ஒரு மேஜர் லீக் மேட்ச் கூட ஆடறதுக்கு முன்னாடியே எட்டு வருஷம் 82 மில்லியன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. காசு கம்மியா இருந்தா முன்கூட்டியே துணிஞ்சு போடணும், அவ்ளோதான். கிரிஃபினுக்கு உங்க டீம் இப்பவே அப்படி ஒண்ணு நீட்டலன்னா அப்பறம் கவலப்படுங்க.

சரி, எங்களுக்கு மட்டும் என்ன வாழுது. லீக் சாம்பியன்ஷிப் சீரிஸ்ல லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் எங்கள 4-0ன்னு துடைச்சிட்டாங்க. கடைசி மேட்ச்ல ஒட்டானி ஆறு இன்னிங்ஸுக்கு மேல பந்து போட்டு பத்து பேர ஸ்ட்ரைக்அவுட் பண்ணி, அவனே மூணு ஹோம் ரன் அடிச்சா நாங்க என்னய்யா பண்றது. 97 வெற்றியும் அந்த ஒரு ராத்திரில காணாமப் போச்சு.

நீலம்_கேசி:
டிரேடு பண்ணலாமான்னு கேட்டிருக்கீங்க, எங்க கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் கதையச் சொல்றேன். ஸாக் கிரைங்கி 2009ல சை யங் வாங்குனவரு, 2010 டிசம்பர்ல மில்வாக்கிக்கு குடுத்துட்டாங்க, நான் அப்ப அழாத குறை. பதிலுக்கு வந்தவங்கள்ல ரெண்டு பேரு லொரென்ஸோ கெய்ன், அல்சிடெஸ் எஸ்கொபார். கெய்ன் 2014 லீக் சாம்பியன்ஷிப்ல எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்), எஸ்கொபார் 2015 லீக் சாம்பியன்ஷிப்ல எம்விபி, அந்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ் (ஃபைனல்) எங்க கையில. 1985ல இருந்து 29 வருஷம் பிளேஆஃபே பாக்காத ஊருக்கு அது வந்துச்சு. அப்ப டிரேடே தப்புன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா உங்க டீம் டிரேடு பண்ணா என்ன ஆகும்னும் பாத்தாச்சே அண்ணா. 2018ல ரேஸோட பிட்ச்சர் கிறிஸ் ஆர்ச்சருக்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ்னு மூணு பேர தூக்கிக் குடுத்தாங்க. விக்கிறவனுக்கு கண்ணு நல்லா தெரியணும் இல்ல? இப்ப இருக்கிற ஜெனரல் மேனேஜர் பென் செரிங்டன் அப்ப இல்ல, அவரு வந்தது 2019 கடைசில, அது சரிதான். ஆனா ஆறு வருஷம் ஆச்சு, பிட்ச்சர் வளர்க்கிறாங்க, ஒத்துக்கிறேன், அடிக்கிறவன் ஒருத்தன இவங்களே உருவாக்கி நிறுத்தினதா எனக்கு ஞாபகம் வரல. உங்க ஒனில் க்ரூஸ் 122.9 மைல் வேகத்துல ஹோம் ரன் அடிக்கிறான், ஸ்டாட்காஸ்ட் (பந்து வேகத்த அளக்குற கருவி) வந்ததுல இருந்து யாருமே அவ்ளோ வேகமா அடிச்சதில்ல, ஆனா பேட்டிங் ஆவரேஜ் பாத்தா கண்ணு இருட்டுது. அந்த மாதிரி ஒரு பையன சரி பண்ணத் தெரியாதவங்க ஸ்கீன்ஸுக்குப் பதிலா வர்ற நாலு பசங்கள மட்டும் எப்படி ஆளாக்குவாங்க?

அதனால என் ஓட்டு, விக்காதீங்க. 2023ல நாங்க 106 தோல்வி. அந்த வின்டர்ல செத் லூகோ, மைக்கேல் வாக்கான்னு ரெண்டு நடுத்தர பிட்ச்சர வாங்கினாங்க, பாபி விட் ஜூனியருக்கு 11 வருஷம் 288.7 மில்லியன் போட்டாங்க, 2024ல 86 வெற்றி, நேரா பிளேஆஃப். ஒரே வின்டர்ல!

ஸ்கார்பரோ_பெடியன்:
நான் டொராண்டோ, புளூ ஜேஸ் பக்கம். உங்கட கதையக் கேக்க பாவமாத்தான் கிடக்கு. ஆனா காசு இருந்தா எல்லாம் சரிவரும் எண்டு மட்டும் நினையாதேங்கோ. எங்கட ஆக்கள் விளாடிமிர் கெரேரோ ஜூனியருக்கு 14 வருஷத்துக்கு 500 மில்லியன் குடுத்தவை. போன வருஷம் டாட்ஜர்ஸோட வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம், இன்னும் ரெண்டு அவுட் எடுத்தா 1993க்குப் பிறகு முதல் கப், அந்த நேரம் பாத்து மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடிச்சு சமன் செய்து, பதினொராவது இன்னிங்ஸில வில் ஸ்மித் அடிச்சு 5-4 எண்டு முடிஞ்சுது. நீங்கள் குடுத்த அந்த கிளாஸ்னோ இருக்கிறாரே, அவரும் வந்து எங்களுக்கு எறிஞ்சவர், அதுக்கு தனியா ஒரு நன்றி.

ஆனா ஒண்டு, கெரேரோ இன்னும் கனகாலம் இங்கதான் எண்டு எங்களுக்குத் தெரியும். தோத்தாலும் அடுத்த வருஷம் அவன் நிப்பான். உங்களுக்கு அந்த நிம்மதி இல்ல, அதுதான் வித்தியாசம் எண்டு நினைக்கிறன்.

கணக்குப்புள்ள:
எல்லாரும் ஆளப் பத்தியே பேசுறீங்க, சட்டத்தையும் கொஞ்சம் பாருங்க. ஒவ்வொரு டீமும் தன்னோட உள்ளூர் வருமானத்துல 48 சதவீதம் பொதுவுல போடணும், அத 30 டீமுக்கும் சமமா பிரிக்கிறாங்க. அதாவது டாட்ஜர்ஸ் டிவி காசுல ஒரு பங்கு பிட்ஸ்பர்குக்கு வருது. பிளேயர் சம்பளம் இவ்வளவுக்குக் கொறையவே கூடாதுன்னு எல்லா டீமுக்கும் பொதுவான ஒரு கீழ் வரம்பு கெடையாது. மேலயும் சேலரி கேப் (சம்பள உச்சவரம்பு) இல்ல, ஒரு அளவு தாண்டினா வரி மட்டும்தான், அந்த வரிய டாட்ஜர்ஸ் சில்லறை மாதிரி கட்டிட்டு 2024லயும் 2025லயும் கப் வாங்கிட்டாங்க. ஆக மேலயும் தடுப்பு இல்ல கீழயும் தடுப்பு இல்ல. அதே பிட்ஸ்பர்க்ல ஐஸ் ஹாக்கி டீம் பென்குயின்ஸ் 2016, 2017ல அடுத்தடுத்து ஸ்டான்லி கப் தூக்கினாங்க, அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஸ்டீலர்ஸ்கிட்ட ஆறு சூப்பர் பவுல் இருக்கு. அந்த ரெண்டு லீக்லயும் சம்பளத்துக்கு மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு. ஊரு ஒண்ணுதான், ஜனமும் ஒண்ணுதான்.

இன்னொரு பெரிய தலைவலி யாரும் சொல்லல. பிளேயர் யூனியனோட இருக்கிற ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1ஆம் தேதி முடியுது. போன தடவ லாக்அவுட் (ஓனருங்க பிளேயர வெளிய நிறுத்தி வைக்கிறது) 99 நாள் இழுத்துச்சு, எப்படியோ 162 மேட்சும் ஆடிட்டாங்க. இந்த தடவ ஓனருங்க கேப் வேணும்னு பிடிச்சா யூனியன் சம்மதிக்காது, 2027 சீசன்ல ஒரு பகுதியோ முழுசோ போனாலும் போகும். நாலு சீசன் இருக்குன்னு கேள்வி கேட்டவரு கணக்கு போட்டிருக்காரு, அது மூணா ஆகலாம்.

கரும்மஞ்சள்:
அய்யோ கணக்குப்புள்ள, அந்த 2027 விஷயம் எனக்கு ஒறைக்கவே இல்ல. அப்ப ஆர்பிட்ரேஷன் ஆரம்பிக்கிற வருஷமும் ஸ்ட்ரைக்கோ லாக்அவுட்டோ வர்ற வருஷமும் ஒண்ணு. அப்ப 2026தான் ஸ்கீன்ஸ் மலிவா இருக்கிற கடைசி வருஷம், மேட்ச் உறுதியா நடக்கப் போற வருஷமும் இதுதான். லோவ் காண்ட்ராக்டும் இதோட முடியுதுன்னு அண்ணன் சொன்னாரு, அதையும் சேத்துப் பாத்தா இந்த வருஷமே வைல்ட் கார்டுக்கு ஓடணும், வேற வழியே இல்ல. இப்ப ரெண்டு லீக்கும் சேத்து பன்னெண்டு டீம் உள்ள போகுது, 2023ல அரிசோனா 84 வெற்றியோட உள்ள புகுந்து வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போனாங்க. நமக்கு 71ல இருந்து இன்னும் பதிமூணு. நம்ம இளம் பிட்ச்சர் பப்பா சாண்ட்லர் முழு சீசன் போட்டா, பேட்டர் ரேனால்ட்ஸ் பழைய ஃபார்முக்கு வந்தா, ஓஹர்னும் லோவும் கூட ஆளுக்கு இருபத்தஞ்சு ஹோம் ரன் அடிச்சா... சரி சரி, எனக்கே தெரியுது நான் எங்க போறேன்னு.

நீலம்_கேசி அக்கா சொன்னது சரி, டிரேடு பேச்ச நான் விட்டுட்டேன். இந்த டீம் வித்தா நல்ல வெலைக்கு விக்காது.

மூணுஆறு_காலத்துஆளு:
பதிமூணுதான்னு எவ்வளவு ஈஸியா சொல்றான் பாரு பையன். ஜூலை கடைசில டிரேடு டெட்லைன் வரும்போது ஒரு பேட்டர வாங்குறாங்களா இல்ல லோவ வித்துடுறாங்களான்னு பாப்போம், மத்தத அப்ப பேசுவோம். ஓப்பனிங் டே டிக்கெட் மட்டும் ஏற்கனவே எடுத்துட்டேன், அத யாரும் கேக்காதீங்க.